ஐந்தாம் வகுப்பு

காட்பாடியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
ஆடிட்டர் ஷமீமாவின் அறை.
மேல்விஷாரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள்.
கவிழ்த்த ஹெல்மெட்டுக்குள் பேனாக்கள், ஸ்டேப்ளர்,
கடித்துவைத்த பேரீச்சை.

கடிதம் வந்திருந்தது,
ஜெர்மனியின் வடக்கில் நாங்கள் போயே இராத ஓர் ஊரின்
வரி அலுவலகத்திலிருந்து.
முப்பத்திரண்டு வருஷம் அந்தத் தேசத்தில் இருந்தோம்,
அந்த ஊர் எங்களை ஏனென்று கேட்டதில்லை.
பாகாயத்துக்கு வந்து
தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற இப்போதுதான்
எங்கள் நினைப்பு அதற்கு.

"பென்ஷன் எங்கேருந்து வருதோ அங்கே ஒரு கை,
நீங்க எங்கே தூங்குறீங்களோ அங்கே ஒரு கை.
ரெண்டு கையும் ஒரே பையில நுழையாம இருக்க
ஒப்பந்தம் இருக்கு, ஆன்ட்டி.
அதுக்கு ஒரு படிவம். படிவத்துக்கு ஒரு சான்றிதழ்.
சான்றிதழுக்கு, இங்கே எத்தனை நாள் இருந்தீங்கன்னு
பாஸ்போர்ட் முத்திரையை எண்ணித் தாங்க."

எண்ணினோம்.
மகள் வீடு மாறியபோது போன நாற்பது நாளை
இவர் முப்பத்தெட்டு என்றார்.
விமானத்தில் கழிந்த ராத்திரி
எந்தத் தேசத்துக் கணக்கு என்று
கொஞ்ச நேரம் சண்டை.

"இன்னொண்ணு," என்றாள்.
"அங்கே உங்க ரெண்டு பேரையும் ஒண்ணாக் கூட்டி
பாதிப் பாதியா வகுத்துத்தானே வரி போட்டாங்க?
வெளியே வந்துட்டா பொதுவா அது இல்லை.
இங்கேயும் அப்படி ஒரு வழக்கமே கிடையாது.
அங்கிளுக்கு ஒரு ஃபைல். உங்களுக்கு ஒரு ஃபைல்."

நீல அட்டையில் இஸ்ரவேல் என்று எழுதினாள்.
பழுப்பு அட்டையில் கிருபாவதி.
கல்யாணத்துக்கு அப்புறம்
வாலில் இஸ்ரவேல் இல்லாத என் பேரை
எங்கேயும் பார்த்த ஞாபகம் இல்லை.
அது பாட்டுக்குக் கிடந்தது மேஜையில்.

தாள்களைப் பிரித்து அடுக்கினாள்.
நீலத்தில் மாதம் ஆயிரத்து நூற்று நாற்பது.
பழுப்பில் ஆயிரத்து நானூற்று எண்பத்தாறு.
இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.
"மாத்தி வெச்சுட்டியேம்மா."
"இல்லை அங்கிள்."

அங்கே கல்யாணமானவர்களுக்கு வரியில் வகுப்பு உண்டு.
மூன்றாம் வகுப்பென்றால் கொஞ்சம்போலப் பிடிப்பார்கள்,
ஐந்தாம் வகுப்பென்றால் கடித்துவிட்டு மிச்சம் தருவார்கள்.
ஒருவர் மூன்று எடுத்தால் மற்றவருக்கு ஐந்து.
பார்சல் கிடங்கில் வேலை கிடைத்த வாரம்
வீட்டுத் தலைவருக்கு மூன்று என்று
இவரே டிக் போட்டார்.
ஐ.சி.யூ.வில் ராத்திரி முழுக்க நின்றவள் நான்
ஐந்தில் உட்கார்ந்தேன்.

சம்பளச் சீட்டில் இவர் பார்த்தது
எப்போதும் கீழ்வரியைத்தான்.
"இவ்வளவு கஷ்டப்பட்டு இவ்வளவுதானா,"
என்று மாதாமாதம் பாவப்பட்டு
காபி போட்டுக் கொடுத்தார்.
நல்ல காபி.
மேல்வரி எனக்குத் தெரியும்.
நான் பொய் சொல்லவில்லை,
இவர் கேட்கவில்லை.

பென்ஷன் மேல்வரியிலிருந்து வளருகிற சாதி.

திரும்பும்போது பாகாயம் போகிற டவுன் பஸ்.
விருதம்பட்டு வரை இவர் பேசவில்லை.
பாலாற்றுப் பாலத்தில்
ஓடாத ஆற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:
"எவ்வளவு வித்தியாசம்?"
"முந்நூற்று நாற்பத்தாறு."
உதடு அசைந்தது. பன்னிரண்டால் பெருக்கியிருப்பார்.

கண்டக்டர் வந்தார்.
பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து.
எனக்கு ஒரு சும்மா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
இவரிடம் கை நீட்டினார்.
இந்த பஸ்ஸிலும் புருஷனையும் பெண்டாட்டியையும்
சேர்த்துக் கணக்குப் பார்ப்பதில்லை.

இவரிடம் இருந்தது ஐந்நூறு ரூபாய் நோட்டு.
"சில்லறை இல்லீங்களா?"
சுருக்குப் பையைத் திறந்து
இருபது ரூபாயை நான் நீட்டினேன்.

மிச்சக் காசை இவர் வாங்கி
ஒவ்வொன்றாக எண்ணி
என் உள்ளங்கையில் வைத்தார்.
தன் சட்டைப் பைக்கு அது போகாமல் இருந்தது
இதுதான் முதல் தடவை.

"பழுப்பு ஃபைல்ல எழுதிக்கோ,"
என்றார், கோட்டை வந்ததும்.
சிரித்தாரா தெரியவில்லை.
ஜன்னல் பக்கம் வெயில்.