பின்பெட்டி

முதலில் பென்சில்.
தரையிலிருந்து நான்கு அடி, சிங்க்கிலிருந்து ஒரு கை தள்ளி,
ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு
பெட்டியையே சுவரில் வைத்து வரைகிறேன்.
கோடு பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
கலவைக்கும் இடம் வேண்டுமே.

சாட்ஸ்வர்த், ஆறாம் யூனிட்.
ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர், இரண்டு குடும்பம்.
நகராட்சி கட்டியபோது
செங்கல்லை எண்ணித்தான் கொடுத்திருப்பார்கள்.
இந்தப் பக்கம் சாலாச்சி படையாச்சி.
கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில்
இன்வெர்ட்டருக்கென்று தனியாக ஒரு சாக்கெட் கேட்டார்.
அந்தப் பக்கம் யாரென்று கேட்டேன்.
"யாரோ" என்றார்.

கிரைண்டர் நாலு கோட்டையும் வெட்டியது.
சண்டீலேயின் புருவம் செங்கல் நிறமானது.
பெயர்ந்த பூச்சின் ஓரத்தில் வரிவரியாய்ப் பெயின்ட்:
வெள்ளை, மஞ்சள், பிறகு ஆஸ்பத்திரிப் பச்சை,
எல்லாவற்றுக்கும் அடியில் சுண்ணாம்பு.

இனி உளி.
அவசரக்காரன் நடுவில் அடிப்பான்,
செங்கல் தலையாட்டிக்கொண்டே பின்னால் போய்விடும்.
நான் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சாய்த்து அடிப்பேன்,
பலாச்சுளையை நாரிலிருந்து பிரிக்கிற மாதிரி.
இரண்டு அங்குலம். பெட்டியின் ஆழம் அவ்வளவுதான்.
ஒன்றரையில்
உளி வேறு குரலில் பேசியது.
செங்கல் 'டொக்' என்னும்.
இது 'டிங்'.

விரலால் தூசியைத் துடைத்தேன்.
துரு. துருவில் ஒரு வட்ட ஓட்டை,
ஓட்டையில் சிவப்பாய் ஒரு வயர்.
இன்னொரு பெட்டியின் முதுகு.
யாரோ, எந்த வருஷமோ,
இதே உயரத்தில் மூச்சைப் பிடித்திருக்கிறார்கள்.

மெயினை நான்தான் இறக்கினேன்.
பூட்டும் போட்டேன், சாவி என் பையில்.
டெஸ்டரை நீட்டினால்
எரிகிறது.
சண்டீலே கலவை கிளறுவதை நிறுத்தினான்.

பிறகு ஓட்டை பேசியது:
"யாரது, என் ரொட்டி மாவுல மண்ணு போடுறது?"

சாலாச்சி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார்,
துடைத்த அடுப்பை.
"நீயே போய்ச் சொல்லு.
பதினோரு வருஷமா நான் அங்க போறதில்ல.
துணிக்கொடி விஷயம்."

கேட்டைச் சுற்றிப் போனேன்.
மர்லின் சாமுவேல் முழங்கையால் கதவைத் திறந்தார்.
போர்டை இறக்கினேன், ஃபிரிட்ஜ் முனகி அடங்கியது.
அவர் சாக்கெட்டுக்கு மூடியே இல்லை,
காலண்டர் அட்டை ஒட்டியிருந்தது.
பையிலிருந்து ஒரு மூடி எடுத்துப் போட்டேன்,
தொங்கிய எர்த் வயரை முறுக்கினேன்.
"அவ டபுள் போடுறாளா, சிங்கிளா?"
"டபுள்."
மாவைத் திருப்பிப் போட்டு ஒரு குத்து விட்டார்.

திரும்பி வந்து
அந்தக் குழிக்கு அரைச் செங்கல் வெட்டினேன்.
முதுகோடு முதுகாய் இரண்டு பெட்டி கூடாது,
தீயும் பேச்சும் அந்த வழியே நடந்து போகும்.
ஒரு செங்கல் நீளம் இடப்பக்கம் தள்ளி
மறுபடி பென்சில், மறுபடி குமிழி.

புதுக் குழியைத் தண்ணீரால் நனைத்தேன்.
காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும்,
நாளைக்கே பெட்டி பால்பல் மாதிரி ஆடும்.
கான்ட்யூட்டை வாயில் கோத்து,
முன்விளிம்பு பூச்சுக்கு ஒரு மயிரிழை உள்ளே நிற்க,
அழுத்திப் பிடித்து
நூறு வரை எண்ணத் தொடங்கினேன்.

எண்பதில் சாலாச்சி பக்கத்தில் வந்து நின்றார்.
"அவ கிச்சன் என்ன கலர்?"
எண்ணிக்கை தப்பியது.
"பச்சை. ஆஸ்பத்திரிப் பச்சை."
"என் மிச்ச டின்னு" என்றார்.
"காலி டின்னக்கூடத் திருப்பித் தரல."

பில்லில் எழுதினேன்:
டபுள் சாக்கெட் ஒன்று, பெட்டி ஒன்று,
கான்ட்யூட் மூன்று மீட்டர், அரைச் செங்கல் ஒன்று.
மூடியை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று
யோசித்துக்கொண்டிருக்கும்போது
சுவரில் தட்டல். ஒன்று. இரண்டு. பிறகு உள்ளங்கையால்.

மர்லின் வீட்டு மெயின்!
இன்னும் ஏற்றவேயில்லை.

நான் ஓடப் பார்த்தேன்.
சாலாச்சி பில்லைப் பிடித்துக்கொண்டு,
கண்ணாடியைத் தேடுகிற பாவனையில்,
"கொஞ்ச நேரம் தட்டட்டுமே" என்றார்.

"கலவை இன்னும் ஈரம், அம்மா."