நலமுள்ளோர் பன்னிருவர்

சுழல விடும் முன்பே
குழாயின் வெளிப்புறம் ஒரு புள்ளி வைக்க வேண்டும்,
கறுப்பு மார்க்கரால்.
புவியீர்ப்பின் லட்சம் மடங்கு, எழுபது நிமிடம்.
நின்றபின் எடுத்துப் பார்த்தால்
அடியில் ஒன்றுமே தெரியாது.
இருக்கிறது என்று நம்பி,
புள்ளிக்கு நேரே உள்சுவரைப்
பிப்பெட் நுனியால் கழுவி எடுப்பது என் வேலை.

எக்சோசோம்.
செல் வெளியே வீசும் பொட்டலம்.
குப்பை என்றுதான் முதலில் சொன்னார்களாம்,
வேண்டாததைக் கட்டி வாசலில் எறிகிறது, அவ்வளவுதான் என்று.
யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.
உள்ளே இருபத்திரண்டு எழுத்துச் சீட்டு,
மைக்ரோ ஆர்.என்.ஏ.
கட்டி விரலில் தட்டுப்படும் முன்பே
மார்பு எழுதிப் போட்டதாக இருக்கலாம்.

எங்கள் மாடியைக் கூட்டும் நொகுதுலாவிடம் சொன்னேன்.
"இதற்கு இவ்வளவு பெரிய மெஷினா?
மூன்றாம் அறைக்காரர் மறுபடி புகைக்கிறார்.
மேல்மாடிச் சின்னப்பெண்
கொண்டுவரும் சோற்றைத் தொடுவதேயில்லை.
நான் யாரையும் கேட்டதில்லை.
கூடையைக் கவிழ்க்கிறேன்."

டர்பனில் அது மின்வெட்டுக் காலம்.
அட்டவணை பார்த்துத்தான் ரத்தம் எடுத்தோம்.
ஒருமுறை ஐம்பத்தெட்டாம் நிமிடத்தில் நின்றது.
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள்
படிந்ததெல்லாம் கலங்கிவிட்டது.
உம்கேனி சாலை முழுக்க இருட்டு, டாக்ஸிகளின் ஹாரன்.
ஜன்னல் கம்பியில் ஒரு குரங்கு
யாருடைய ரொட்டியையோ தின்றபடி
நான் திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

நோயாளிகளின் ரத்தம் ஐஸ் பெட்டியில் வரும்.
நோயில்லாத ரத்தம் கிடைப்பதுதான் கடினம்.
கட்டடத்திலேயே கேட்டோம்.
வரவேற்பு மேஜை லோகாம்பாள், எல்லாருக்கும் லோகீ;
கணக்குப் பிரிவு தயாவதி நாயுடு;
இரவுக் காவலுக்கு வரும் சிபோங்கிலே;
நொகுதுலா; நான்; இன்னும் ஏழு பேர்.
ஒப்புதல் படிவம் தட்டச்சு செய்ததும் நானே:
'தனிநபர் முடிவுகள் தெரிவிக்கப்பட மாட்டா.'
ஒரு பிஸ்கட்கூடக் கிடையாதா என்றாள் லோகீ
கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

பெயரை நீக்கி எண் இட்டவர் டாக்டர் மூட்லி.
பட்டியல் அவர் அலமாரியில். சாவியும் அவரிடம்.

வெள்ளிக்கிழமை.
திரையில் பன்னிரண்டு கோடுகள் படுத்துக் கிடந்தன.
முப்பதாம் சுற்றுவரை படுத்திருக்க வேண்டியவை.
ஒன்று மட்டும்
இருபத்துமூன்றிலேயே எழுந்துகொண்டது.

சிவப்பணு உடைந்திருக்கும் என்றேன், ஊசியைக் குறைசொன்னேன்.
மிச்ச பிளாஸ்மாவை வெளிச்சத்தில் பிடித்தேன்.
வைக்கோல் நிறம். செம்மையின் சாயல்கூட இல்லை.
மறுபடி ஓட்டினேன். இருபத்துமூன்று.
புதுக் குழாய், புது ரசாயனம், புதுக் கையுறை.
இருபத்திரண்டரை.

ஓர் எண் நோயாகாது.
வீக்கம் ஏற்றும், காய்ச்சல் ஏற்றும்,
பெயர் தெரியாத எதுவும் ஏற்றும்.
மாணவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன், பொய்யில்லை.
ஆனாலும் தேநீர் அறையில்
யாரிடம் பேசினாலும் என் கண்
கழுத்துக்குக் கீழே போய்விட்டு வந்தது.
தயாவதி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.
இரவு குளியலறையில் என் கையே, சோப்புடன்,
என் மேல் வட்டம் போட்டது,
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை,
நிச்சயமாகத் தெரியவில்லை.

திங்களன்று மூட்லியின் கதவுவரை இருமுறை போனேன்.
நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள் என்பார்.
சரியாகத்தான் சொல்வார்.
எழுதினேன், அழித்தேன்.

மாலை ஏழுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள் நொகுதுலா.
என் கூடையைத் தூக்கினாள். கவிழ்க்கவில்லை.
கசக்கிய அச்சுத்தாள் மூன்று,
மூன்றிலும் ஒரே கோட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
ஐந்து காபிக் கோப்பை.
ஒரு கடி மட்டும் கடித்த சமோசா.

சற்று நேரம் பார்த்தாள்.
நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தாள்.
"எங்களில் யார்?" என்றாள்.