தாள் நாற்பத்தாறு

மழை பக்கவாட்டில் பெய்யும் ஊர் இது, ஐரிஷ் கடலோரம்.
கட்டி முடிக்க ஐந்து வருடம் ஆனது.
பிரிக்கத் தொடங்கி முப்பத்தொன்று ஆயிற்று.
இன்னும் குளத்தில் தண்ணீர் நிற்கிறது.

குளம் என்றால் அல்லி பூப்பது அல்ல.
எரிந்து தீர்ந்த யுரேனியக் கம்பிகளை
முங்கப் போட்டு வைத்த தொட்டி.
கூரை போட மறந்தார்கள், அல்லது காசு போதவில்லை.
கடற்காகங்கள் வந்து இறங்கின.
விரட்டுவதற்கு ஒருவரை வைத்தார்கள், பதினோரு வருடம்:
பெயர் ஆஸ்வின் கிளெக். சொந்தமாக ஒரு பருந்து வைத்திருந்தார்.

சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள்.
இங்கே அந்தச் சாணையும் முழத்தையும்
மில்லிமீட்டரில் எழுதி
மூன்று பேர் கையெழுத்துப் போடுவோம்.

மார்ச் நல்ல மாதம்.
'விலாங்கு' என்று நாங்கள் பெயர் வைத்த சின்ன ரோபோ
சேற்றுக்குள் மூக்கை நுழைத்து
ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது.
போட்ட நாளிலிருந்து வெளியே வந்த முதல் கூடை.
கட்டுப்பாட்டு அறையில் யாரும் கைதட்டவில்லை.
டெஸ்மண்ட் மட்டும் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான்.
மாலையில் எல்லோருக்கும் மீன் வறுவல், நிர்வாகச் செலவில்.

ஏப்ரலில் வடக்குச் சுவரை அறுக்கப் போனோம்.
வைர ரம்பம் பத்தொன்பது சென்டிமீட்டர் இறங்கியது.
இருபதில் சத்தம் மாறியது.
கான்கிரீட் அப்படிப் பேசாது.
பிறகு அளவுமானிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று
கத்தத் தொடங்கின.

குழாய்.
வரைபடத்தில் இல்லாத குழாய்.

நகலை வைத்துவிட்டு அசலைக் கேட்டேன்.
1957, தாள் நாற்பத்தாறு.
காப்பகத்தில் பருத்திக் கையுறையோடு விரித்தபோது
வடக்குச் சுவரின் மேல்
ஒரு கோப்பையின் அடிவட்டம், பழுப்பாய்.
வட்டத்துக்குள் ஒரு கோடு போய்க் கரைந்திருந்தது.
மூலையில் முதலெழுத்துகள்: எச். டி. டபிள்யூ.

பழைய சம்பளப் பதிவேட்டில் அந்த எழுத்துகளோடு நான்கு பேர்.
தேட நேரமில்லை, திட்ட மனமில்லை.
தேசத்துக்கே அவசரம் இருந்த காலம்.
தேநீரும் சூடாக இருந்திருக்கும்.
நகலெடுத்தவர்கள்தான் கறையை நீக்கினார்கள்,
பொறுப்பாக, சுத்தமாக.
கறையோடு கோடும் போயிற்று.

இரண்டு வருடம் ஏழு மாதம் தாமதம்.
அமைச்சகத்துக்கு நான்தான் கடிதம் எழுதினேன்.
'எதிர்பாராத' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது,
இரண்டை அடித்தேன்.
முடிவுத் தேதி 2119 என்பதை
2122 என்று மாற்றும்போது சிரிப்பு வந்துவிட்டது.
இன்னும் பிறக்காத ஒருவர்
ஏதோ ஒரு வியாழக்கிழமை
கடைசிச் சாவியைக் கொடுத்துவிட்டு
பஸ்ஸுக்கு நிற்பார், அப்போதும் பஸ் இருந்தால்.

ரொட்டிக்கடை மர்ட்டில் கேட்டாள்:
அப்போ என் பையனுக்கும் அங்கே வேலை உண்டு?
உண்டு.
அவன் பையனுக்கு?
அதுவும்தான்.
அவள் முகத்தில் வந்தது மகிழ்ச்சிதான், சந்தேகமில்லை.
இரண்டு பன் கூடுதலாகப் போட்டாள்.
வாங்கிக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கேக்குகளைப் பார்த்தேன்.

இன்று புதுத் தாள். நாற்பத்தாறு, திருத்தம் ஒன்பது.
குழாயைச் சிவப்பில் வரைகிறேன்.
ரம்பம் நின்ற ஆழம். தேதி. நேரம்.
அது எங்கே போய் முடிகிறது என்ற இடத்தில்
'தெரியாது' என்று எழுதுகிறேன்.
அந்தச் சொல்லுக்கான குறியீடு என்ன என்று
டெஸ்மண்ட் கேட்கிறான். இல்லை. இதுவரை தேவைப்படவில்லையாம்.
முழுச் சொல்லாகவே இருக்கட்டும் என்கிறேன்.

என் தேநீர் ஜன்னல் விளிம்பில் இருக்கிறது,
கைக்கு எட்டாத தூரத்தில்.
ஆறட்டும்.