குடும்பத்தில் யாருக்காவது

இலக்கத் துண்டு வேர்வையில் ஊறி
இருபத்தேழோ இருபத்தொன்றோ என்றாகிவிட்டது.
திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி, தோல் கிளினிக்.
வெளியே கச்சான் காற்று.
மூன்று கிழமையாய் ஊரை உலர்த்துகிறது.
கொடியில் போட்ட சேலையையும்
என் மகளின் முழங்கை மடிப்பையும்
ஒன்றாய்த்தான் உலர்த்துகிறது.

சுவரில் ஒரு படம்: வெள்ளைக்காரக் குழந்தை,
செம்பரத்தையாய்ச் சிவந்த கன்னம்.
சிவந்தால்தான் வருத்தம் என்று
நாங்களும் இரண்டு மாதம் காத்திருந்தோம்.
ஆரபி சிவக்கவேயில்லை.
அவளில் அது சாம்பலாய் வந்தது.
பிறகு நாவற்பழக் கறை.
பிறகு தடித்து, வெடித்து, பழஞ்செருப்பின் குதிபோல.

பால் குடிக்கையில் கன்னத்தில் இருந்தது.
தவழ்கையில் முழங்காலின் முன்னால்.
நடக்கத் தொடங்க முழங்காலின் பின்னால் போய் ஒளிந்தது,
வாடகை பாக்கி வைத்து
அறை மாறுகிறவனைப் போல.

'கிரந்தி' என்றார் ரெஜினா அக்கா.
இறாலை நிறுத்தினோம், தக்காளியை நிறுத்தினோம்,
கத்தரிக்காய், அன்னாசி, முட்டை.
கடைசியில் சோறும் பருப்பும் பிள்ளையும்தான் மிச்சம்.
மச்சான் கன்னியாவுக்குக் கூட்டிப்போனான்,
ஏழு கிணறு, ஏழு சூடு.
அன்றிரவு
படுக்கை விரிப்பில் சின்னச் சின்ன இரத்தப் புள்ளிகள்.
தொத்தும் என்று முன்பள்ளியிலும் நிற்பாட்டிவிட்டார்கள்.

இரத்தம் எடுப்பார்கள், இயந்திரம் வைப்பார்கள் என்றிருந்தேன்.
'இதைச் சொல்லித்தர ஒரு சோதனையும் இல்லை.
பார்க்கவேணும், கேட்கவேணும்' என்றார் டொக்டர் ஸிம்ரா.
பார்த்தார்.
கண்ணுக்குக் கீழே இரண்டாவதாய் ஒரு மடிப்பு,
நாங்கள் அழுத தடம் என்று நினைத்திருந்தது.
உள்ளங்கையை விரித்தார். அங்கே
தேவைக்கு மேலே ரேகைகள்.
'நிறையப் பயணம் இருக்கு' என்று முன்பு ஒருவன்
அதே கையைப் பார்த்து ஐந்நூறு வாங்கியிருந்தான்.
இவர் சொன்னார்: 'சுவரில கல் இருக்கு, சாந்து காணாது.
ஈரம் வெளியே போகும். தூசி உள்ளே வரும்.'

பிறகு கேட்டார்:
'குடும்பத்தில் யாருக்காவது
தொய்வு, ஓயாத தும்மல், சின்ன வயதில் இப்படிச் சொறி?'

'எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லை' என்றாள் சுகிர்தா, உடனே.
பேனை என் பக்கம் திரும்பி நின்றது.

சீனக்குடா மா ஆலையில் பன்னிரண்டு வருடம்.
வேலைப் படிவத்தில் அந்தப் பெட்டிக்குள்
புள்ளடி போட்டது இந்தக் கைதான்.
கலியாணப் பேச்சில் 'தங்கமான உடம்பு' என்றார் அண்ணா.
நான் சபைக்கு நடுவே வடை தின்றுகொண்டிருந்தேன்.
மோட்டார் சைக்கிள் பெட்டியில், சாவித்துணிக்கு அடியில்
நீல நிறத்தில் ஒரு பம்ப்.

டொக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தார்.
இரண்டு மாடி ஏறி வந்த நெஞ்சு,
உள்ளே யாரோ விசிலடித்துக்கொண்டு.

'எனக்கு' என்றேன்.

சுகிர்தா திரும்பவில்லை.
ஆரபியின் சட்டைப் பொத்தானைப் போட்டாள்,
ஒரு ஓட்டை தள்ளி.

'தொத்தாது. ஒருத்தரின்ட பிழையும் இல்லை' என்று எழுதியபடியே டொக்டர்.
'குளிப்பாட்டினதும் ஈரம் காயமுதல் பூசுங்கோ. நகத்தை ஒட்ட வெட்டுங்கோ.'
அடுத்த இலக்கம்.

கோட்டை வாசலுக்குக் கிட்ட ஒரு மான்
பின்னங்காலைத் தூக்கிக்
கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றது,
கண்ணை மூடி, அவ்வளவு நிம்மதியாய்.
'அதை ஒருத்தரும் ஏசவில்லை' என்றாள் ஆரபி.
தன் பெயரைவிட அதிகம் 'சொறியாதே' கேட்டவள்.
வழி நெடுக வேறு யாரும் பேசவில்லை.

இரவு. அவளுக்குப் பூசி முடித்த அதே வழவழப்போடு
சுகிர்தா என் கையை இழுத்து
போன் வெளிச்சத்தில் விரித்தாள்.
தேவைக்கு மேலே ரேகைகள்.
எண்ணினாளோ என்னவோ.
வெளிச்சம் அணைந்தது.

இருட்டில் சரசரவென்று தொடங்கியது,
பழைய சத்தம்.
நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.