உள்வரவு எண் 412

காலை ஒன்பது இருபதுக்கு
தொலைநகல் இயந்திரம் இருமியது.
பாக்தாதிலிருந்து.
"எமது அறிவுக்கும் ஒப்புதலுக்கும் அப்பால்
அயல்நாட்டு அமைச்சர் ஒருவர்
கிர்கூக் மண்ணில் இறங்கியது குறித்து…"
மூன்று பத்தி, ஒரு முத்திரை.
எண் போட்டேன்: 411.

அவர் வந்தது நேற்று.
எர்பில் வழியாக, சாலை மார்க்கமாக,
பதினேழு கறுப்பு வண்டிகளில்.
யாரைக் கேட்டு வந்தார் என்று
வடக்கில் யாரும் கேட்கவில்லை.
தெற்கில் தொலைக்காட்சி பார்த்துவிட்டுத்தான் கேட்டார்கள்.

எங்கள் அலுவலகத்தின் கேள்வி வேறு:
மேசைமேல் எந்தக் கொடி?
கிடங்குச் சாவியோடு நின்றார் காக் ஸர்பஸ்த்.
சூரியன் உள்ளதை வைத்தால்
ஒரு தொலைபேசி வரும்.
வைக்காவிட்டால் இன்னொன்று.
நீலத்தில் பிறை இருப்பதை மறந்துவிடாதீர்கள்
என்று மூன்றாவது
ஏற்கெனவே வந்துவிட்டது.
கடைசியில் கொடி நிற்கும் இடத்தில்
ஒரு ஜாடி நர்கீஸ்.
பிளாஸ்டிக்.
அமைச்சர் குனிந்து முகர்ந்தார்,
புகைப்படத்தில் இருக்கிறது.

உரையில் எட்டு முறை "சகோதரர்களே".
குர்து மொழியில் இரண்டு, அரபியில் இரண்டு,
மிச்சம் தன் மொழியில்.
எண்ணுவது என் வேலை.
பிறகு கோட்டைமேல் ஏறி
வறண்டு கிடந்த காஸா ஆற்றைப் பார்த்து
அழகு என்றார்.
தூரத்தில், பாபா குர்குரில்
நிலம் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.
அதற்கும் எந்த அரசின் ஒப்புதலும் கிடையாது.
நான்கு மணி நேரம். போய்விட்டார்.

பதினொன்றரைக்கு வந்தான் ஸெய்னல்.
கைஸரியா அங்காடி வாசலில்
பேரீச்சம் பாகில் வேகவைத்த டர்னிப் விற்பவன்.
மூன்று மொழியில் கூவுவான்,
கடன் சொல்பவர்களைத் திட்ட
நான்காவது ஒன்று வைத்திருக்கிறான்.
கோட்டுப் பையிலிருந்து
நாலாய் மடித்த தாளை எடுத்தான்.
இரவுச் செய்தியின் மொழி
அவனுக்கு நன்றாகப் பிடிபட்டிருந்தது:

"எனது அறிவுக்கும் ஒப்புதலுக்கும் அப்பால்
அயல்நாட்டு அமைச்சரின் வண்டிகள்
எனது வண்டி நிற்கும் மண்ணில் நின்றது குறித்துக்
கடும் ஆட்சேபம்.
காவலர் கவிழ்த்த அண்டா ஒன்று.
டர்னிப் இருபத்திரண்டு கிலோ.
பாகு, அளக்க முடியவில்லை.
மேற்கண்ட இடத்தின்மீது எனக்குள்ள உரிமை
பதினாறு குளிர்காலம்."

சிரித்துவிடக் கூடாதென்று
பேனா மூடியைத் தேடினேன்.
அவன் சிரிக்கவில்லை.
தாளை நீட்டிய கையில்
பாகு ஒட்டிய இடமெல்லாம் தோல் இல்லை.

எங்கே அனுப்புவது இதை?
பாக்தாத் சொல்லும்: எர்பில் அழைத்த விருந்தாளி,
எர்பிலைக் கேள்.
எர்பில் சொல்லும்: அது தகராறு நிலம்,
தீரட்டும், பார்ப்போம்.
அமைச்சரின் நாட்டுக்கே எழுதலாமென்றால்
வெளியுறவுத் துறையின் ஒப்புதல் வேண்டும்.
அது பாக்தாதில் இருக்கிறது.

"எண்ணைப் போடு" என்றான்.
"மற்றது மெல்ல நடக்கட்டும்."

போட்டேன்: 412.
அதே பக்கம், அடுத்த வரி.
அனுப்புநர்: ஸெய்னல், டர்னிப்.
பொருள் என்ற கட்டத்தில்
மேலே பாக்தாதுக்கு எழுதியதையே
திரும்ப எழுதக் கை வலித்து
"மேற்படி" என்று முடித்தேன்.
ரசீதை இரண்டு முறை படித்துவிட்டுத்
தொப்பிக்குள் வைத்துக்கொண்டான்.

மாலை பேருந்துக்குப் போகையில் பார்த்தேன்.
பழைய இடம், புது அண்டா,
கையில் துணிக்கட்டு.
ஒரு கிண்ணத்துக்கு
இருநூற்றைம்பது தினார் கூட்டியிருந்தான்.
யாரைக் கேட்டு என்று
நான் கேட்கவில்லை.