அச்சு வரைக்கும்தான்

"அச்சு வரைக்கும்தான் தண்ணி, ஹல்பெரா"
என்றான் தோர்லாக்,
சாவியை என் கையில் தராமல்
மேசையில் வைத்தபடி.
இழுத்துவந்த டிராக்டரின் கயிறு
பம்பரிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
குரோஸ்ஸவ் ஆற்றில் அது தலைகீழ்.
இடுப்பில் கயிறு, கையில் கம்பு,
பனிப்பாறை கரைந்த நீரில் தொடை மரத்துப்போக
ஒருமுறை நடந்து கடந்துவிட்டு
அப்புறம்தான் வண்டி.
நடந்தாயா, என்றேன்.
மழை வருமா என்று வாசலைப் பார்த்தான்.

நின்றபிறகு ஸ்டார்ட் பண்ணினாயா?
"ஒரே ஒரு தடவை."

ஒரு தடவை போதும்.
காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது,
நடுவில் மாட்டிக்கொண்டு வளைவது இரும்பு.
நான்கு இன்ஜெக்டரையும் பிடுங்கிவிட்டுச் சுழற்றினேன்.
சாம்பல் நிறத்தில் நான்கு பீச்சல்
உத்தரத்தில், என் மூக்குக்கண்ணாடியில்,
போன வருஷத்துக் காலண்டரில்.
மூன்றாம் துளையில் கம்பி விட்டு அளந்தால்
மற்றதைவிட ஒரு மில்லி குட்டை.

டிஃபரன்ஷியல் ஆயில் பால் கூடிப்போன காப்பி.
கியர் பாக்ஸிலும் அதே காப்பி.
ஏர் ஃபில்டர் ஊறிய ரஸ்க்.
டைனமோவைத் தட்டினால் கொட்டுகிறது
மாவைவிட நைசான வண்டல்,
ரேடியோவின் முதுகிலும் அது,
வெயில்தடுப்புத் தட்டின் மடிப்பிலும் அது.
(அது எப்படி அங்கே ஏறியது என்று
இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.)

இன்சூரன்ஸுக்கு "கனமழை" என்று
எழுதித் தரமுடியுமா என்று போனில் கேட்டான்.
மழை கியர் பாக்ஸுக்குள் பெய்யாது, தோர்லாக்.

மூன்றாம் நாள் சீட்டுகளைக் கழற்றினேன்.
ஜூலை. இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம்,
தரைவிரிப்பை வேலிமேல் போட்டால்
ஆடுகள் வந்து முகர்ந்துபார்த்துத் தும்முகின்றன.
பின்சீட்டின் பஞ்சில் நான்கு பள்ளம்,
குழந்தை நாற்காலியின் கால்கள் அழுத்தியவை.
நாற்காலி இல்லை.
யாரோ கழற்றி எடுத்துவிட்டுத்தான்
வண்டியை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.
பள்ளத்தைக் கழற்றமுடியவில்லை.

பின்கதவுக் கண்ணாடியின் உட்புறம்
காய்ந்த வண்டலில் ஒரு கோடு.
அதற்கு நான்கு விரல்கடை மேலே
ஒரு கை.
என் உள்ளங்கையில் பாதிகூட இருக்காது.
கட்டைவிரல் மட்டும் இழுபட்டிருந்தது.

ஈரத்துணியோடு எவ்வளவு நேரம் நின்றேனோ.
வால்வு அடிக்கிறதா, பேரிங் உறுமுகிறதா,
இதெல்லாம் என் வேலை.
துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

ராடு மாற்றினேன், ஆயில் மூன்றுமுறை மாற்றினேன்,
ஒவ்வொரு கனெக்டராகப் பிரித்து
பச்சை பூத்த பின்களைச் சுரண்டினேன்.
வண்டி முழுக்கத் துடைத்துப் பளபளவென்று,
அந்த ஒரு கண்ணாடி தவிர.

வாங்க வந்தவன் சுற்றிப் பார்த்தான்.
பின்கதவருகே வந்ததும்
சட்டைப்பையில் எதையோ தேடத் தொடங்கினான்.
பில்லைப் பார்த்து அவன் பேரம் பேசாதது
பதினாறு வருஷத்தில் அதுதான் முதல்முறை.
"சுன்னேவாவுக்குச் சளி பிடிச்சிருந்தது,
இப்போ பரவாயில்லை" என்றான்,
நான் ஒன்றும் கேட்காமலே.

அக்டோபர். விடிகாலை மூன்று மணி.
போனில் அவன் மனைவி யோரூன்.
பின்னால் ஹாரன், விடாமல்.
"தானா அடிக்குது, சாவிகூட இதோ என் கையில.
அவர் கடலுக்குப் போயிருக்கார். நான் என்ன பண்ண?"
எங்கோ ஒரு கனெக்டரில் ஒரு துளி,
என் சுரண்டலுக்குத் தப்பியது.
ஏழாம் நம்பர் ஃப்யூஸைப் பிடுங்கு, நின்றுவிடும், என்றேன்.
"எவ்வளவு தண்ணியில போச்சு அந்த வண்டி?"

பின்கதவுக் கண்ணாடியைத் துடைத்துவிட்டானா, என்று கேட்டேன்.

போனை எதன் மீதோ வைத்தாள்.
பூட்ஸ். கதவு. சரளைக்கல்லில் நடை.
அப்புறம் நடை நின்றது,
ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.