வாளியின் பிடி

அந்தப் படத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்
அதன் எதிரே ஒரு பெஞ்சு இருந்தது.
லியெபாயாவில், துறைமுகத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில்
பெஞ்சும் ஹீட்டரும் சேர்ந்து வாய்த்தது
ஏழாம் அறைக்கு மட்டும்தான்.
பிப்ரவரி. காலுறைக்குள் பனி கரைந்துகொண்டிருந்தது.

வேலை இதுதான்:
ஒரு படம், நாற்பது நிமிடம், ஒரு பக்கம்.
அழகு, அருமை, ஆழம்
மூன்று சொற்களுக்கும் தடை.
என்னிடம் இருந்ததே அந்த மூன்றுதான்.

ஒரு தகர வாளி. அதில் ஐந்து மீன்.
ஈரத் தரை. பின்னால் திறந்த கதவு.
கதவுக்கு அப்பால், வெளிச்சம் என்று
தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு சாம்பல் நிறம்.
வரைந்தவர்: தெரியவில்லை.
காலம்: 'ஏறக்குறைய' என்று தொடங்கும் ஓர் ஆண்டு.

முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.
ஆறாவது நிமிடத்தில் காவலர் இருமினார்.
ஒன்பதாவதில், வேறு வேலையில்லாமல்,
மீன்களை மறுபடி எண்ணினேன்.
ஆறு.
ஆறாவதற்கு வால் மட்டும்,
மற்றவற்றின் அடியிலிருந்து.

பதினேழில் குற்றம் அகப்பட்டது.
வாளியின் பிடி நேராக நிற்கிறது!
யாரும் தொடாத வாளியின் பிடி
விளிம்பில் சாய்ந்துதானே கிடக்கும்?
எத்தனை மகிழ்ச்சி எனக்கு.
மிச்சமிருந்த இருபத்துமூன்று நிமிடமும்
படத்தைப் பார்க்கவே இல்லை,
எழுதிக்கொண்டிருந்தேன்.
'பொருளின் எடை அறியாத கை.'
அடிக்கோடும் இட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் வாசித்தேன். சிரித்தார்கள்.
எதற்கும் சிரிக்காத ரைத்திஸ்கூடச் சிரித்தான்.
அந்தச் சிரிப்பின் சூட்டில்
அடுத்துச் சுவரேறிய விஸ்மாவின் படத்தையும்
விட்டுவைக்கவில்லை.
தம்பி தூங்குவதை வரைந்திருந்தாள்.
"கை, மாவு பிசைந்து ஒட்டியது மாதிரி இருக்கிறது" என்றேன்.
அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்,
தேதி போட்டு.
அந்தத் தேதிதான் உறுத்தியது.

வியாழன் இரவுகளில் பேக்கரி ஒன்றில் தரை துடைக்கிறேன்.
அடுப்பு அணைந்தும் அனல் போகாத நேரம்.
வாளியைக் கொண்டுவந்து வைத்தேன்,
கையை எடுத்தேன்.
பிடி நின்றது.
ஒரு கணம். அதற்கும் குறைவு.
பிறகு விழுந்தது, டணங்கென்று.

மறுபடி தூக்கினேன். வைத்தேன். விட்டேன்.
நின்றது. விழுந்தது.
பத்துத் தடவையாவது இருக்கும்.
தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த இங்கூனா
"என்ன, தேவாலயத்தில் வேலை கிடைத்துவிட்டதா?" என்றாள்.

அப்படியானால் அந்த அறையில் ஆள் இருந்திருக்கிறது.
இப்போதுதான் வாளியை வைத்துவிட்டு
சட்டத்துக்கு வெளியே ஓர் எட்டு எடுத்திருக்கிறது.
தரையின் ஈரம் அந்த ஆளுடையது.
கதவைத் திறந்ததும் அந்த ஆள்.
'மனிதர் இல்லாத படம்' என்று
இரண்டாம் வரியிலேயே எழுதியிருந்தேன் நான்.

சனிக்கிழமை மறுபடி போனேன், சொந்தக் காசில்.
பெஞ்சில் ஒரு குடும்பம் ரொட்டி தின்றுகொண்டிருந்தது.
நின்றபடியே பார்த்தேன்.
பிடி இன்னும் விழவில்லை.

ஆனால் மீன்கள் மோசம். இப்போதும் மோசம்.
அந்த நீலம் கடலிலும் இல்லை, மீனிலும் இல்லை,
குழாயிலிருந்து பிதுக்கிய மேனிக்கு இருக்கிறது.
அந்தப் பிடியை வரைந்த கைதான்
இவற்றையும் வரைந்தது என்று நம்பவேண்டியிருக்கிறது.
பிடித்துப்போன படத்தில் குறை காண்பது
சொந்தப் பல்லை நாக்கால் தடவுவது போல:
வலிக்கிற இடத்துக்கே போகிறது.

விஸ்மாவிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.
"தம்பி படத்தை இன்னொரு தரம் காட்டு" என்றேன்.
சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்ததை எடுத்தாள்.
கை, இன்னமும் மாவுதான்.
அதை நான் மாற்றிச் சொல்லவில்லை.
ஆனால் போர்வையின் ஓரம்
ஓரிடத்தில் மட்டும் தூக்கியிருந்தது,
உள்ளே சின்னதாய் ஓர் இருட்டு.
"இது என்ன?"
"பூனைக்கு விட்ட இடம்" என்றாள்.
"அன்றைக்கு அது வரவில்லை."

இரண்டு பேரும் அந்த இருட்டையே
பார்த்துக்கொண்டு நின்றோம்,
இதோ வந்துவிடும் என்பது போல.